பொறியின் குரலும் திறனாய்வாளர் செவியும்

ஒரு கலைஞரின் முதற்படைப்பை உலகம் ஓரளவு பொறுமையோடு வரவேற்கும். இரண்டாம் படைப்பு வெளிவரும்போதுதான் அவரை உரைகல்லில் வைத்துத் தேய்த்துப் பார்க்கும். இலக்கியத்திற்குரிய இவ்வழக்கம் இசைக்கும் உரியதே. முதல் தொகுப்பு கவனிப்பாரற்றுப் போய், இரண்டாம் தொகுப்பு மக்களிடையே பெருவெற்றி பெற்று, அவ்வெற்றியே திறனாய்வாளரின் சினத்தைக் கிளறிவிட்ட கதை ஒன்று இங்கிலாந்தின் இசை வரலாற்றில் உண்டு. கேரி நியூமன் என்னும் இளைஞர் 1979ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளியிட்ட ‘ரெப்ளிக்காஸ்’ என்னும் இசைத்தட்டின் கதையே அது. மின்னணுக் கருவிகளால் மெல்லிசை படைக்கலாம் என்பதைப் பொதுமக்கள் ஏற்றுக்கொண்ட ஆண்டு அது; எழுதுகோல் ஏந்தியோர் பலர் ஏற்க மறுத்த ஆண்டும் அதுவே.

நியூமன் 1958ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இலண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேரி வெப். உழைப்பாளிக் குடும்பம், தந்தையார் பேருந்து ஓட்டுநர். 1976, 1977ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் இளைஞரிடையே ‘பங்க்’ என்னும் முரட்டிசை அலை எழுந்தது. மூன்று சுருதிக் கோவைகளைக் கற்றவுடன் மேடையேறிவிடலாம். தேர்ச்சியைவிடச் சினமும் நேர்மையுமே முதன்மை என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. பங்க் இசை பாடினால் பதிவு நிறுவனங்கள் கதவைத் திறக்கும் என்று கணித்த நியூமன், பால் கார்டினர் என்னும் நண்பரோடும், தாளக் கருவி இசைத்த தம் உறவினர் ஜெஸ் லிட்யார்டோடும் சேர்ந்து, ‘டியூப்வே ஆர்மி’ என்னும் பெயரில் குழு அமைத்தார். ‘பெகர்ஸ் பேங்க்வெட்’ என்னும் சிறு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது.

முதல் இசைத்தட்டைப் பதிவு செய்வதற்காகக் குழுவினர் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றபோது, வரலாற்றைத் திசைதிருப்பிய ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. வாடகைக்கு எடுக்கப்பெற்று, திரும்பக் கொண்டு செல்லப்படுவதற்காக ஒரு மூலையில் காத்துக் கிடந்தது ‘மினிமூக்’ என்னும் மின்னணு இசைப்பொறி. அதனை இயக்கிப் பார்க்க நியூமன் இசைவு பெற்றார். முன்னர்ப் பயன்படுத்தியவர் விட்டுச் சென்ற அமைப்பிலேயே குமிழ்கள் இருந்தன. ஒரு கட்டையை அழுத்தியதும் அறையே அதிரும்படி ஆழ்ந்த கனத்த ஒலி எழுந்தது. வேறு ஏதேனும் மெல்லிய ஒலி எழுந்திருக்குமாயின் தாம் அக்கருவியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார் என்னும் கருத்துப்பட நியூமன் பிற்காலத்தில் நேர்காணல்களில் பேசியிருக்கிறார். கித்தாருக்காக எழுதி வைத்திருந்த பாடல்கள் பலவற்றை அங்கேயே அவசரமாக மாற்றியமைத்தார். பங்க் இசைத்தட்டு ஒன்றை எதிர்பார்த்திருந்த நிறுவனம் மனக்கசப்படைந்தது. மீண்டும் பதிவு செய்யப் பணமில்லாததால் தந்ததை ஏற்றுக்கொண்டது. அத்தட்டு 1978 நவம்பரில் வெளிவந்தது. பரபரப்பு எதனையும் எழுப்பவில்லை.

மினிமூக் என்னும் அக்கருவியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். அமெரிக்கரான ராபர்ட் மூக் அறுபதுகளில் உருவாக்கிய மின்னணு இசைப்பொறிகள், சுவரை மறைக்கும் பேழைகளாகவும் கம்பிக் காடாகவும் இருந்தன. அவற்றைச் சுருக்கி, ஒருவர் தூக்கிச் செல்லும் பெட்டியாக அவருடைய நிறுவனம் 1970ஆம் ஆண்டு வெளியிட்டதே மினிமூக். அதன் உள்ளே மூன்று மின்னலைவிகள் ஒலியை எழுப்புகின்றன. வடிப்பான் ஒன்று அவ்வொலியின் கூர்மையைக் குறைத்தும் கூட்டியும் நிறம் தருகிறது. ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே அதில் இசைக்க முடியும். பியானோவில் பத்து விரல்களாலும் வாசிக்கப் பழகியவர்க்கு இஃது ஒரு குறையே. ஆனால் நியூமன் போன்று முறையாக இசை பயிலாதவர்க்கோ இது வரப்பிரசாதமாயிற்று. ஒற்றை விரலால் இசைத்த எளிய சுரவரிசையும் அக்கருவியின் கனத்தால் பேருருக் கொண்டது.

மின்னணு இசைக்கு நியூமன் முதல்வர் அல்லர். செருமனியின் ‘கிராஃப்ட்வெர்க்’ குழுவினர் 1974ஆம் ஆண்டிலேயே ‘ஆட்டோபான்’ என்னும் தொகுப்பால் பெயர் பெற்றிருந்தனர். டோனா சம்மர் பாட, இத்தாலியரான ஜியார்ஜியோ மொரோடர் இணைந்து உருவாக்கிய மின்னணு நடனப் பாடலொன்று 1977இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்திருந்தது. ஜான் ஃபாக்ஸ் தலைமையிலான ‘அல்ட்ராவாக்ஸ்’ குழுவின் 1978ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் தாம் பெரிதும் கடன்பட்டிருப்பதை நியூமனே மறையாது கூறியுள்ளார். அப்படியாயின் அவர் செய்த புதுமைதான் யாது? பொறி ஒலிக்கேற்ற ஒரு மனநிலையை, ஒரு கதையுலகை, ஒரு குரலைக் கண்டெடுத்ததே அவர் செய்த புதுமை எனலாம்.

‘ரெப்ளிக்காஸ்’ என்னும் சொல்லுக்கு ‘அச்சு அசலான மறுபடிகள்’ என்று பொருள் கொள்ளலாம். எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட சில எதிர்காலக் கதைகளிலிருந்தே நியூமன் இத்தொகுப்பின் பாடல்களை வார்த்தெடுத்தார். அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக் 1968இல் வெளியிட்ட, மனிதர்போன்ற பொறிகளைப் பற்றிய புதினம் அவரை ஆட்கொண்டிருந்தது. அப்புதினத்தைத் தழுவிய ‘பிளேட் ரன்னர்’ திரைப்படம் 1982இல்தான் வெளிவந்தது. திரையுலகம் அக்கருப்பொருளைத் தொடுவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் அதனை மெல்லிசைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது கருதத்தக்கது.

அவர் படைத்த உலகில் பொறிகளே ஆட்சி புரிகின்றன. மனிதத் தோல் போர்த்த இயந்திரங்கள் தெருக்களில் திரிகின்றன. ‘மேக்மென்’ என்பது அவற்றுக்கு அவர் இட்ட பெயர். இரவானதும் ஒரு பூங்காவில் பொறிகள் மனிதரை வேட்டையாட, அதனை ஒரு கூட்டம் கேளிக்கையாகக் கண்டு களிக்கிறது. தனிமையில் வாடும் மனிதன் துணை வேண்டினால், ‘நண்பர்’ என்னும் பெயரில் ஓர் இயந்திரம் கதவைத் தட்டும். தொகுப்பின் புகழ்பெற்ற பாடலாகிய ‘ஆர் ஃபிரெண்ட்ஸ் எலக்ட்ரிக்?’ என்பதன் தலைப்பில் நண்பர் என்னும் சொல் மட்டும் மேற்கோள் குறிக்குள் அடைபட்டிருப்பதன் காரணம் இதுவே. நட்பு என்னும் சொல் தன் பொருளை இழந்து, பொருட்பெயராகிவிட்ட நிலையை அக்குறி சுட்டுகிறது. பத்து உருப்படிகள் கொண்ட தொகுப்பின் இறுதி இரண்டிலும் பாடலடிகள் இல்லை; கருவியிசை மட்டுமே. கடைசி உருப்படியின் தலைப்போ, மனிதப் பிறவி ஒன்றை மணம்புரியும் நிலைவரை சென்று தப்பியதாக ஓர் இயந்திரம் சொல்வது போன்றது. சொற்கள் ஓய்ந்தபின் பேசுவது யார் என்பதைக் கேட்போர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புகழ்பெற்ற பாடல் பிறந்த வகையும் சுவையானது. முடிக்க இயலாமல் கிடந்த இரு வெவ்வேறு பாடல்களை ஒட்டவைத்ததால் விளைந்ததே அது. வீட்டிலிருந்த சுருதி கெட்ட பியானோவில் வாசித்துப் பார்க்கையில் விரல் தவறி வேறொரு கட்டையில் விழ, அத்தவறான சுரமே சரியானதாகத் தோன்றியதாம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பாடலில் வழக்கமான பல்லவி இல்லை. இடையிடையே பாட்டு நின்று பேச்சு வருகிறது. ஆடுவதற்கேற்ற துள்ளலும் இல்லை. வானொலிக்கு உகந்த பாடலின் இலக்கணங்கள் ஒவ்வொன்றையும் அது மீறிற்று. எனினும், மே மாதம் தனித்தட்டாக வெளிவந்த அப்பாடல் 1979 ஜூன் இறுதியில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டி, நான்கு வாரங்கள் அங்கேயே நிலைத்தது. ஜூலையில் ‘ரெப்ளிக்காஸ்’ தொகுப்பும் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நிறுவனம் தட்டின் முதற் படிகளைப் படம் பொறித்து வெளியிட்டதும், தொலைக்காட்சியில் இரு நிகழ்ச்சிகளில் அடுத்தடுத்துத் தோன்ற வாய்ப்புக் கிட்டியதும் அவ்வெற்றிக்குத் துணைநின்றன என்பதையும் மறைத்தல் ஆகாது. படத்தட்டு விற்பனைத் தந்திரம் ஒரு பாடலைப் பட்டியலுக்குள் நுழைக்கலாம். நான்கு வாரம் உச்சியில் நிறுத்த அதனால் இயலுமா?

அக்காலத்தில் இங்கிலாந்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’, ‘சவுண்ட்ஸ்’ முதலிய வார இதழ்கள் மெல்லிசை உலகின் நீதிமன்றங்களாக விளங்கின. ஒரு குழுவை அவை கண்டெடுத்து, வளர்த்து, பின் மக்களிடம் ஒப்படைக்கும். நியூமனோ அவ்விதழ்களின் வாயில் வழியாக வரவில்லை. தொலைக்காட்சித் திரையில் மக்களால் நேரே கண்டெடுக்கப்பட்டார். எல்லாத் திறனாய்வாளரும் ஒரே குரலில் பேசினர் எனல் பொருந்தாது. எனினும் பொதுவான போக்கு ஏளனமாகவும், நாளடைவில் பகையாகவும் இருந்தது.

முதற்குற்றச்சாட்டு, அவர் டேவிட் போவியின் நகல் என்பது. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. வெளுத்த முகம், கறுப்பு உடை, வேற்றுலகிலிருந்து வந்தவர் போன்ற தோற்றம், மூக்கொலி கலந்த குரல் ஆகியவற்றில் எழுபதுகளின் போவியைக் காணாதிருத்தல் அரிது. நியூமன் போவியின் தீவிர இரசிகராக வளர்ந்தவர். ஆயினும் ‘மறுபடிகள்’ என்றே பெயரிட்டு, நகல் மனிதரைப் பற்றியே பாடிய ஒருவரை ‘நகல்’ என்று கூறித் தள்ளியபோது, தம் சொல்லில் இருந்த நகைமுரணை அத்திறனாய்வாளர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டே பெரிது. இவ்விசையில் உணர்ச்சி இல்லை. குளிர்ந்து உறைந்து கிடக்கிறது. பாடுபவர் உயிருள்ள மனிதராகவே தோன்றவில்லை என்றனர். பங்க் இயக்கம் விட்டுச்சென்ற அளவுகோல் அவர்கள் கையில் இருந்தது. பாடகர் வியர்க்க வேண்டும், கதற வேண்டும், தம் உள்ளத்தைத் தாமே திறந்து காட்ட வேண்டும், அதுவே நேர்மை. அவ்வளவுகோலால் அளந்தால் நியூமன் தேறமாட்டார்தான். ஆனால், தொகுப்பில் பேசுபவர் நியூமன் அல்லரே! மனிதத் தோல் போர்த்த பொறியும், பொறிகளிடையே வாழ்ந்து மரத்துப்போன மனிதனும் அங்கே பேசுகின்றனர். பாத்திரத்தின் கூற்றைப் புலவர் கூற்றாகக் கொள்ளலாகாது என்பதைச் சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர்க்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். வார இதழ்களின் திறனாய்வாளர் அவ்வேறுபாட்டை மறந்தனர். குளிர்ச்சி அப்படைப்பின் குறையன்று; அதன் பொருள். நட்பைக் காசுக்கு வாங்கும் ஒருவனின் புலம்பலை நெகிழ்ந்துருகும் குரலில் பாடியிருந்தால், அவன் இழந்தது யாது என்பதே விளங்காமற் போயிருக்கும்.

மேடையில் அவர் அசையாது நின்றதையும் ஆணவம் என்றனர். கூச்சத்தையும் அச்சத்தையும் மறைக்கும் முகமூடியாகவே அத்தோற்றத்தை மேற்கொண்டதாக நியூமன் பிற்காலத்தில் விளக்கினார். 1979 மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சரின் கட்சி ஆட்சிக்கு வந்த சூழலில், அவ்வம்மையாருக்கு ஆதரவாக நியூமன் பேசியது, பெரும்பாலும் இடதுசாரிச் சார்புடைய இசை இதழ்களுக்கு மேலும் ஒரு காரணமாயிற்று. அரசியற் கருத்தின்மீது எழுந்த வெறுப்பு இசைத்தட்டின்மீதும் படிந்தது.

கருவிகளின்மீது எழுந்த ஐயம் தனியே நோக்கத்தக்கது. பொறி இசைத்தால் மனிதருக்கு வேலை ஏது என்னும் கேள்வி அன்று வெறும் கற்பனையன்று. 1982ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, மின்னணு இசைப்பொறிகளையும் தாளப் பொறிகளையும் தடை செய்யக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. பல்லியக் குழுவினரின் இடத்தை அமெரிக்கப் பாடகர் ஒருவரின் சுற்றுப்பயணத்தில் மின்னணுக் கருவிகள் பிடித்துக்கொண்டதே அதற்கு உடனடிக் காரணம். சங்கம் முழுவதும் அதனை ஏற்கவில்லை. கூலிக்கு வயலின் வாசித்துக் குடும்பம் காத்தோரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. அவர்தம் வேலை உண்மையாகவே ஆட்டம் கண்டிருந்தது. எனினும் ‘ரெப்ளிக்காஸ்’ தொகுப்பை இவ்வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. அதில் பெரும்பாலான பாடல்களில் ஒலிக்கும் தாளம் லிட்யார்டின் கைகளால் எழுந்தது. கீழ்ச்சுரக் கித்தார் கார்டினருடையது. நியூமனும் கித்தாரை முற்றும் கைவிடவில்லை. ‘மனிதத் தன்மையற்ற பொறியிசை’ எனப் பழிக்கப்பட்ட அது, மூன்று இளைஞர்கள் இலண்டனின் சிறு பதிவுக் கூடமொன்றில் குறைந்த செலவில் கையால் வாசித்த இசை. அவர்தம் கைகள் பொறிபோல் ஒழுங்காக இயங்கியதே செவியை ஏமாற்றியது.

இகழ்ச்சி நடுவிலும் வெற்றி தொடர்ந்தது. அதே 1979 செப்டம்பரில் ‘கார்ஸ்’ என்னும் பாடலும், ‘தி பிளஷர் பிரின்ஸிபிள்’ என்னும் அடுத்த தொகுப்பும் முதலிடம் பெற்றன. 1980இல் ‘டெலிகான்’ தொகுப்பும் அவ்வாறே. ஆனால் புகழ் அவருக்கு இனிக்கவில்லை. தாம் போற்றிய போவியின் விருப்பத்தால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்தே தாம் நீக்கப்பட்டதாக நியூமன் பின்னாளில் வேதனையோடு நினைவுகூர்ந்தார். 1981 ஏப்ரலில் இலண்டன் வெம்பிளி அரங்கில் பெரும் பொருட்செலவில் ‘விடைபெறும்’ கச்சேரிகள் நிகழ்த்தி, இனி மேடையேறுவதில்லை என அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று! அம்முடிவு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் திரும்பி வந்தவரை வரவேற்கப் பழைய கூட்டம் காத்திருக்கவில்லை. எண்பதுகளில் விற்பனை படிப்படியாகச் சரிந்தது. பழைய நண்பர் கார்டினர் 1984இல் போதைப்பொருளால் உயிரிழந்தார். அதே ஆண்டுகளில் நியூமன் திறந்துவிட்ட வாயில் வழியே வந்த மின்னணு மெல்லிசைக் குழுக்கள் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்தன. அவற்றுள் ஒன்றான ‘ஓ.எம்.டி.’, 1979இல் அவருடைய சுற்றுப்பயணத்தில் முன்னிசை வழங்கிய சிறு குழுவாகும்.

மறுமதிப்பீடு தொடங்கியது திறனாய்வாளரிடமிருந்து அன்று; இசைவாணரிடமிருந்து. தொண்ணூறுகளின் நடுவில் மேரிலின் மேன்சனும் ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ குழுவினரும் ‘ரெப்ளிக்காஸ்’ தொகுப்பின் ‘டவுன் இன் தி பார்க்’ பாடலைத் தம் முறையில் மீண்டும் பாடினர். 1997இல் பல குழுக்கள் நியூமனின் பாடல்களை இசைத்த அஞ்சலித் தொகுப்பு வெளிவந்தது. ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’ என்னும் பெயரில் இசைபடைக்கும் டிரெண்ட் ரெஸ்னர், நியூமனிடம் தாம் கற்றதை வெளிப்படையாகக் கூறி, 2009இல் அவரைத் தம் மேடையிலேயே ஏற்றிப் பாடச் செய்தார். சிறுவராக இருந்தபோது இரவில் தனியே அத்தட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. தாங்கள் கேட்டதில் உணர்ச்சி இருந்ததா என்று அவர்கள் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதழ்கள் அதன் பின்னரே தம் தொனியை மாற்றின.

இம்மறுமதிப்பீட்டிலும் மிகை புகுந்திருப்பதைச் சுட்டாமலிருக்க இயலாது. மின்னணு மெல்லிசையின் தந்தை நியூமனே என்று இப்போது எழுதுவோர், கிராஃப்ட்வெர்க்கையும் ஃபாக்ஸையும் மறந்து எழுதுகின்றனர். தொகுப்பின் பாடலடிகளிலும் பதின்பருவத்து நாடகப்பாங்கு ஆங்காங்கே துருத்தி நிற்கிறது. சில உருப்படிகள் முன்னைய கித்தார் பாணியின் எச்சங்களே. அன்றைய ஏளனத்தை ஈடுகட்ட இன்றைய புகழ்மாலை தேவையில்லை. அப்பத்தும் தம் தகுதியால் நிற்கக்கூடியவை நிற்கும்.

2002ஆம் ஆண்டு ‘சுகாபேப்ஸ்’ என்னும் மூன்று இளம்பெண்கள் பாடிய ‘ஃபிரீக் லைக் மீ’ பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பெற்றது. ரிச்சர்ட் எக்ஸ் என்பவர், அமெரிக்கப் பாடல் ஒன்றின் அடிகளை ‘ஆர் ஃபிரெண்ட்ஸ் எலக்ட்ரிக்?’ பாடலின் இசைமீது ஏற்றிச் செய்த கலவையே அது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் உயிரற்றது எனப்பட்ட அதே மினிமூக் ஒலி, அப்போது பிறந்தே இராத பிள்ளைகளை நடன அரங்குகளில் ஆட வைத்தது. 2008இல் நியூமன் ‘ரெப்ளிக்காஸ்’ தொகுப்பை முழுமையாக மேடையில் இசைத்துச் சுற்றுப்பயணம் செய்தார். 2017இல் பிரிட்டனின் பாடலாசிரியர்க்குரிய ஐவர் நொவெல்லோ விருதுகளுள், பிறருக்கு ஊக்கமாக விளங்கியமைக்கான விருது அவருக்கு வழங்கப்பெற்றது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய புதிய தொகுப்பு பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டிற்று.